மண்டபம் அக்கா பதில்கள்: கியோட்டோவில் ஒத்தையாய் ஒரு பகல்

ஜப்பானில் ஒசாகா நகரத்தில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் ஆபீஸ் போன ஒரு நாளில் கியோட்டோவைத் தனியாகச் சுற்றி வந்ததைப் பற்றிப் போன இதழில் சின்னதாக எழுதியிருந்தேன். பாம்பனிலிருந்து தொண்டி வரை கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. இந்த மாதம் வேறு கேள்விகளை ஓரம்கட்டிவிட்டு அவற்றுக்கே பதில். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் மண்டபத்தில் ஒரு கடல்பாசி வியாபாரியிடம் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவள். அதனால் பதில்களில் காசும் பாசியும் வந்தே தீரும்.

அக்கா, பாஷை தெரியாத ஊரில் ஒத்தையில் சுற்றப் பயமாக இல்லையா?
(வாசகி, பாம்பன்)

இருந்தது. திருட்டுப் பயம் இல்லை, வழி தவறிவிடுமோ என்கிற பயம். மகள் தன் வீட்டு விலாசத்தை ஜப்பானிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ரவிக்கைக்குள் வைக்கச் சொன்னாள். கைப்பேசியில் வரைபடம், பேசினால் மொழிபெயர்த்துச் சொல்லும் செயலி, கூடவே சார்ஜ் போட ஒரு பவர் பேங்க். இந்த மூன்றும் இருந்தால் போதும் தங்கச்சி.

ரயிலில் ஏறியதும் என் பயம் போன விதத்தைச் சொல்கிறேன். ஆறேழு வயசுப் பிள்ளைகள், முதுகில் பெட்டி மாதிரி தோல் பையோடு, பெரியவர்கள் யாரும் கூட இல்லாமல் தாங்களாகவே ஏறிப் பள்ளிக்கூடம் போகின்றன. அதைப் பார்த்த பிறகு பேரப்பிள்ளை எடுத்தவள் பயந்தால் வெட்கக்கேடு.

கியோட்டோ நகரப் பஸ்ஸில் பெரும்பாலும் பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் டிரைவர் பக்கத்துப் பெட்டியில் காசு போட வேண்டும். நோட்டைச் சில்லறை மாற்றும் எந்திரமும் அங்கேயே இருக்கிறது. நான் ஒவ்வொரு காசாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் போட்டேன். பின்னால் நின்றவர்கள் ஒருவர்கூட 'உச்' கொட்டவில்லை. இராமேஸ்வரம் பஸ் நிலையத்தில் பையை அணைத்துக்கொண்டு முழிக்கிற வடநாட்டு யாத்திரைக்காரர்களை நாம் எத்தனை பேர் பொறுமையோடு பார்த்திருக்கிறோம்? யாத்திரைக்காரி இடத்தில் போய் நின்றால்தான் தெரிகிறது.

ஒரே நாளில் எத்தனை கோயில் பார்க்கலாம்? வரிசை போட்டுக் கொடுங்கள்.
(வாசகர், இராமேஸ்வரம்)

எத்தனை என்று கேட்டாலே பாதி கெட்டுப்போயிற்று. அந்த ஊர் 794இல் தலைநகரானது. அரசர் டோக்கியோவுக்குக் குடிபோகும்வரை ஆயிரத்துச் சொச்சம் வருஷம் அப்படியே இருந்தது. கோயிலுக்குப் பஞ்சமா? பத்து இடம் பார்க்கிறேன் என்று கிளம்பினால் பஸ் நிறுத்தங்களைத்தான் பார்ப்பீர்கள். நான் ஊரின் கிழக்கு மலைச்சரிவு ஒன்றை எடுத்துக்கொண்டேன், அதைவிட்டுத் தெற்கே கொஞ்சம். அவ்வளவுதான்.

முதலில் கியோமிசு. காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறார்கள், ஆகவே வெள்ளனப் போங்கள். ஏழு மணிக்கு நான் போனபோது கூட்டிப் பெருக்குகிறவர்களும் உள்ளூர்க் கிழவர்களும்தான். ஒன்பது மணிக்கு இறங்கும்போது எதிரே பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக ஏறி வந்தார்கள். 778இல் தொடங்கிய கோயில் அது. இப்போது நிற்கும் கட்டடம் 1633இல் எழுப்பியது. மலைச்சரிவில் பதினெட்டுப் பெரிய மரத்தூண்களின் மேல் ஒரு மேடை நீட்டிக்கொண்டு நிற்கிறது, 13 மீட்டர் உயரம். தூண்களையும் குறுக்குக் கட்டைகளையும் ஆணி இல்லாமல் ஒன்றில் ஒன்று செருகிக் கட்டியிருக்கிறார்கள். முன்காலத்தில் வேண்டுதல் பலிக்கும் என்று அந்த மேடையிலிருந்து குதிக்கிறவர்கள் இருந்தார்களாம். 1872இல் அரசாங்கமே தடை போட்டது. எட்டிப் பார்த்தேன், வயிறு கலங்கியது.

கீழே ஒதோவா அருவி, மூன்று தாரையாக விழுகிறது. நீண்ட கைப்பிடி அகப்பையில் பிடித்துக் குடிக்க வேண்டும். ஆயுளுக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று என்கிறார்கள். மூன்றிலும் குடித்தால் பேராசை, பலிக்காது. அகப்பையைக் கிருமி நீக்கும் புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பக்தியும் சுகாதாரமும் சண்டையில்லாமல் இருக்கிற இடம் என்று குறித்துக்கொண்டேன். நான் ஆயுள் தாரையில் குடித்தேன். படிப்பும் காதலும் இனி எனக்கு எதற்கு?

அங்கிருந்து கல்படி போட்ட சன்னென்சாகா, நினென்சாகா என்ற இரண்டு இறக்கத் தெருக்கள். சன்னென்சாகாவில் இடறி விழுந்தால் மூன்று வருஷத்தில் சாவு என்று ஒரு நம்பிக்கை. அதே தெருவில், விழுந்தவர்களுக்குப் பரிகாரமாகச் சுரைக்குடுவை விற்கிற கடையும் இருக்கிறது! இந்தச் சாமர்த்தியத்தில் எந்தத் தீர்த்தக்கரையும் அவர்களை மிஞ்ச முடியாது. தெரு முடிகிற பக்கம் யசாகா கோபுரம், ஐந்து அடுக்கு, 46 மீட்டர், 1440இல் திரும்பக் கட்டியது. பிறகு சஞ்சூசங்கென்தோ, மதியத்துக்கு மேல் தோஜி, சாயங்காலம் ஃபுஷிமி இனாரி. இவற்றைக் கீழே சொல்கிறேன். பொற்கோயில் பார்க்கவில்லையா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அது ஊரின் இன்னொரு மூலையில் இருக்கிறது. பார்க்கவில்லை, வருத்தமும் இல்லை.

நம் சாமிகள் ஜப்பான் கோயிலில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மெய்யா, சும்மா சொன்னதா?
(வாசகர், திருப்புல்லாணி)

மெய்தான் ஐயா. கண்ணால் பார்த்தேன்.

சஞ்சூசங்கென்தோ என்பது 120 மீட்டர் நீளமுள்ள ஒரே மர மண்டபம். 1164இல் கட்டி, எரிந்துபோய், 1266இல் திரும்பக் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், மரத்தில் செதுக்கிப் பொன் தகடு ஒட்டிய கன்னோன் சிலைகள் ஆயிரத்தொன்று. கன்னோன் வேறு யாருமில்லை, பௌத்தர்களின் கருணைத் தெய்வமான நம் அவலோகிதேஸ்வரர்தான். நடுவில் பெரிதாய் உட்கார்ந்த ஒருவர், அவருக்கு இருபுறமும் ஐந்நூறு ஐந்நூறாக, பத்து வரிசையில் ஆள் உயரத்துக்கு நிற்கிறார்கள். நம்ம இராமேஸ்வரம் கோயில் மூன்றாம் பிராகாரத்தில் தூண்களைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. அங்கே ஓரத்தில் நின்று பார்த்தபோது தூண் நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் முகம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை.

அந்த ஆயிரம் பேருக்கு முன்னால் காவலாக இருபத்தெட்டுத் தெய்வங்கள். பெயர்ப் பலகையைப் பாருங்கள்: பிரம்மா, இந்திரன், நாராயணன், கருடன். கருடனுக்குப் பறவை மூக்கு, முதுகில் இறக்கை, கையில் புல்லாங்குழல். புல்லாங்குழல் ஊதுகிற கருடனைத் திருப்புல்லாணியில் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எலும்பு துருத்தத் தடி ஊன்றி நிற்கிற வசு முனிவர் ஒருவர். அவரோடு சேர்த்து ஒரு வயதான பெண் தெய்வம்: ஒட்டிய கன்னம், கூப்பிய கை. ஆயிரம் பொன் சிலைகளை விட்டுவிட்டு நான் அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். போட்டோ எடுக்க அனுமதி கிடையாது. அது நல்லதற்குத்தான், எல்லாரும் சிலையைப் பார்க்கிறார்கள்.

தோஜியில் இன்னும் தெளிவாகத் தெரியும். 839இல் பிரதிஷ்டையான இருபத்தொரு சிலைகள் அங்கே ஒரு மண்டபத்தில் இருக்கின்றன. ஒரு பக்கம் நான்கு அன்னங்களின் மேல் நாலு முகப் பிரம்மா, மறு பக்கம் யானைமேல் இந்திரன். வாகனம் மாறவில்லை பாருங்கள். இவர்கள் பௌத்தத்தோடு சேர்ந்து சீனா வழியாகப் போய்ச் சேர்ந்தவர்கள். வாட்ஸ்அப்பில் வருவதுபோல ராஜேந்திர சோழர் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனதல்ல. அவர் பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்தியே அந்தச் சிலைகள் அங்கே நின்றாயிற்று.

நவபாஷாணம் மாதிரிக் கடலுக்குள் ஒரு கோயில் ஜப்பானில் இருக்கிறதாமே?
(வாசகி, தேவிபட்டினம்)

அது கியோட்டோ இல்லையம்மா, ஹிரோஷிமா பக்கம் மியாஜிமா தீவு. இட்சுகுஷிமா கோயில் என்று பெயர். இப்போதுள்ள அமைப்பு 1168 வாக்கில் தாய்ரா நோ கியோமோரி என்ற பிரபு கட்டியது. கடலுக்குள் நிற்கிற சிவப்புத் தோரணவாயில் 1875இல் வைத்தது, 16 மீட்டருக்கு மேல் உயரம், கற்பூர மரம். கடலடியில் ஆழப் புதைக்கவில்லை, தன் கனத்தாலேயே நிற்கிறது. நீர் வற்றும்போது நடந்தே கிட்டப் போகலாம். கியோட்டோவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியும், ஆனால் புல்லட் ரயில் காசு வயிற்றைக் கலக்கும்.

அங்கே போய் நாம் கும்பிடலாமா? முறை என்ன?
(வாசகர், உச்சிப்புளி)

தாராளமாக. நீங்கள் என்ன சாமி என்று யாரும் கேட்பதில்லை. புத்தர் கோயில் ஒரு வகை, ஷிந்தோ என்ற அவர்களுடைய பழைய சொந்த மதத்தின் கோயில் ஒரு வகை. முன்னால் இரண்டு கால் நட்டுக் குறுக்குக்கட்டை போட்ட தோரணம் நின்றால் ஷிந்தோ. அங்கே உண்டியலில் காசு போட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கை தட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். புத்தர் கோயிலில் கை தட்டக் கூடாது, கூப்பினால் போதும். அது நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வாசலில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். இருபத்திரண்டு தீர்த்தத்தில் வாளி வாளியாக ஊற்றுகிற ஊர்க்காரர்கள் நாம், அங்கே ஒரே அகப்பைத் தண்ணீர்தான். அதில் இடது கை, பிறகு வலது கை, பிறகு இடது உள்ளங்கையில் ஊற்றி வாய் கொப்பளிப்பது, கடைசியில் அகப்பையை நிமிர்த்தி மிச்சத் தண்ணீரால் அதன் பிடியையே கழுவி வைப்பது. அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. தேங்காய், பழம், அர்ச்சனைத் தட்டு எதுவும் கிடையாது. கற்பூரத்தைக் கையில் கொண்டுபோகவே வேண்டாம். எல்லாம் மரக் கட்டடம், நெருப்பென்றால் உயிர் நடுங்குவார்கள். பொற்கோயிலை 1950இல் ஓர் இளம் துறவியே கொளுத்திவிட்டார், இப்போதிருப்பது 1955இல் கட்டியது.

ஹலாலாகச் சாப்பிட வழி இருக்கிறதா? மீன் சாப்பாடு எப்படி?
(வாசகி, கீழக்கரை)

கியோட்டோவில் பள்ளிவாசல் இருக்கிறது, ஹலால் கடைகளும் உண்டு. ஆனால் கோயில் தெருக்களில் நடக்கும்போது பசித்த இடத்தில் அது கிடைக்காது. முதல்நாளே தேடி வைத்துக்கொள்ளுங்கள். பன்றியை மட்டும் பார்த்தால் போதாது. குழம்பு வகைகளில் சாக்கே என்ற அரிசி மது, மிரின் என்ற இனிப்பு மது சேர்ப்பது சாதாரணம். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சைவக்காரர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ராமநாதபுரத்திலிருந்து இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வெறும் காய்கறி சூப் என்று நினைத்து வாங்குவதிலும் மீன் இருக்கும். அவர்கள் சமையலுக்கு அடித்தளமே சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டையாகக் காயவைத்து, சீவிப் போட்டு எடுக்கிற சாறு. கீழக்கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மாலத்தீவிலிருந்து வருகிற மாசிக் கருவாடும் அதே சூரை, ஏறக்குறைய அதே பக்குவம். நிஷிகி கடைவீதியில் அந்தச் சீவலை மலைபோல் குவித்து வைத்திருப்பார்கள், வாசனை பிடித்தே கடையைக் கண்டுபிடிக்கலாம். சுத்த சைவம் வேண்டுமென்றால் புத்தர் கோயில்களில் 'ஷோஜின்' சாப்பாடு என்று கேளுங்கள், மீனும் கறியும் இல்லாமல் துறவிகளுக்கென்று வந்த சமையல். விலைதான் கொஞ்சம் கூட.

இப்போது நம் பாசிக்கு வருகிறேன். நினென்சாகாப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில், கண்ணாடிக் கிண்ணத்தில் நூல் நூலாய் ஒன்று, மேலே கருப்பு வெல்லப்பாகு. தொகோரோதென் என்றார்கள். வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது: கடல்பாசி! நோன்புக்கு உங்கள் வீடுகளில் பால் ஊற்றிக் காய்ச்சி ஆறவைக்கிறீர்களே, அதே சாமான். அதை முதலில் உலர்பொருளாக்கியதும் கியோட்டோவின் ஃபுஷிமியில்தான் என்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஒரு விடுதிக்காரர் மிஞ்சியதை வெளியே போட, பனிக்காலத்தில் இரவில் உறைந்து பகலில் உருகி, சில நாளில் காய்ந்து சக்கையாகிவிட்டதாம். அதைத் திரும்பக் காய்ச்சிப் பார்த்தால் முன்னைவிடத் தெளிவான பாசி.

அவர்கள் எடுப்பது நம் மரிக்கொழுந்துப் பாசிக்குச் சொந்தக்கார வகை. சின்னப்பாலத்துப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கிப் பறித்து வந்த மரிக்கொழுந்தை வருஷக்கணக்கில் எடை போட்டுக் கணக்கு எழுதியவள் நான். அந்தக் கிண்ணத்தின் விலைச் சீட்டைப் பார்த்தபோது மனம் கிலோக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. பறித்தவளுக்கு எவ்வளவு, விற்றவனுக்கு எவ்வளவு என்பது எந்த நாட்டிலும் வேறு வேறு நோட்டு.

அங்கே கோயிலில் சங்கு ஊதுவார்களா?
(வாசகர், கீழக்கரை)

ஊதுவார்கள், ஆனால் நம் வெண்சங்கு இல்லை. கூராக நீண்ட ட்ரைட்டன் வகைச் சங்கு, நுனியில் உலோக ஊதுவாய் பொருத்தியிருப்பார்கள். மலைகளில் தவம் செய்யும் யாமபுஷிகள் அதை வைத்திருப்பார்கள். நாரா நகரத்துத் தோதாய்ஜியில், 752இலிருந்து வருஷம் தவறாமல் நடப்பதாகச் சொல்லும் மார்ச் மாத வழிபாட்டிலும் சங்கு உண்டு. அதே 752இல்தான் அந்தக் கோயிலின் பெரிய புத்தருக்குக் கண் திறந்தார்கள். தூரிகை பிடித்துக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற பிக்கு.

அந்தப் பழைய தெருக்கள் எப்படி அப்படியே நிற்கின்றன? இங்கே கண்முன்னால் பழைய வீடெல்லாம் போகிறதே!
(வாசகர், தொண்டி)

அப்படியே நிற்கவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போரில் மற்ற ஊர்கள் எரிந்தபோது கியோட்டோ பெரும்பாலும் தப்பியது. 1945இல் அணுகுண்டு போடும் பட்டியலிலும் அது இருந்தது. அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் பிடிவாதமாக எடுக்கச் சொன்னார். பிறகு நாகசாகி சேர்ந்துகொண்டது. அதனால் கியோட்டோ தப்பியதைச் சந்தோஷமாகச் சொல்லிமுடிக்க முடிவதில்லை.

போருக்குப் பின் இடித்ததும் ஏராளம். 1976இல் சன்னென்சாகாப் பகுதியையும் கியோன் ஷின்பாஷியையும் பாதுகாக்கும் தெருக்களாக அறிவித்தார்கள். வீட்டு முகப்பை நினைத்தபடி மாற்ற முடியாது. 2007இல் இன்னும் இறுக்கி, நகர நடுவிலேயே கட்டட உயரத்தை 45 மீட்டரிலிருந்து 31ஆகக் குறைத்தார்கள். மினுக்கும் விளம்பரப் பலகைக்கும் தடை. வீட்டுக்காரர்களுக்கு எரிச்சல் இல்லாமலா இருக்கும்? ஓடு மாற்றவும் அனுமதி என்றால் நம் ஊரில் கொடி பிடிப்போம். ஆனால் தெருவில் நடக்கிறவளுக்குக் கண் குளிர்கிறது: மரச்சட்டக் கம்பி ஜன்னல், குறுகிய வாசல், உள்ளே நீளமாய்ப் போகும் வீடு. கீழக்கரைப் பழைய தெருக்களில் நடந்தவர்களுக்கு அந்த நிழல் பழக்கமானதுதான்.

கெய்ஷா பார்த்தீர்களா? செல்ஃபி எடுத்தீர்களா?
(கல்லூரி மாணவி, ராமநாதபுரம்)

கிமோனோ உடுத்திய நிறையப் பெண்களைப் பார்த்தேன். அதில் பாதிப்பேர் நாள் வாடகைக்கு உடுத்திய சுற்றுலாக்காரிகள், மலையாளம் பேசியவர்கள்கூட உண்டு. நிஜக் கெய்ஷாக்கள், அதாவது விருந்துகளில் ஆடிப் பாடும் கலைப்பெண்கள், சாயங்காலம் வேலைக்குப் போகும்போது கியோன் பக்கம் தென்படுவார்கள். அவர்களை மறித்து, பின்னால் ஓடி, உடுப்பைப் பிடித்து இழுத்துப் படம் எடுக்கும் தொல்லை தாங்காமல் 2024இல் அங்குள்ள தனியார் சந்துகளில் வெளியாள் நுழையத் தடை போட்டு, மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்துவிட்டார்கள். நம் அக்னி தீர்த்தத்தில் ஈரப் புடவையோடு கரையேறுகிறவளை ஒருவன் படம் எடுத்தால் உனக்கு எப்படி இருக்கும்? அவர்களுக்கும் அப்படித்தான். நான் எடுத்த படமெல்லாம் கூரையும் படியும்தான் கண்ணு.

மொத்தம் எவ்வளவு ஆச்சு?
(வாசகர், மண்டபம்)

நம்ம ஊர்க்காரர் கேட்கிற கேள்வி! ஒசாகாவிலிருந்து கியோட்டோ ரயில் 580 யென், போக வர இரட்டிப்பு. பஸ் ஒருமுறைக்கு 230. கியோமிசு 500, சஞ்சூசங்கென்தோ 600, தோஜி 500லிருந்து பருவத்துக்கு ஏற்ப. ஃபுஷிமி இனாரிக்கு ரயில் 150, நுழைவு இலவசம். இதுவரை 3,300 யென் சுமார், நம் காசில் இரண்டாயிரத்துக்குள். மத்தியானத்துக்குச் சோற்றுருண்டை கையில் கொண்டுபோனேன். கட்டணம் ஏறும், கிளம்பும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குக் காசு இல்லை, சுத்தமோ சுத்தம். குப்பைத்தொட்டிதான் கண்ணில் படாது. தின்ற காகிதத்தை நாள் முழுக்கப் பையில் சுமக்க ஒரு பிளாஸ்டிக் உறை வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முழங்கால் வலி. அந்தச் சிவப்புத் தோரண மலையில் ஏற முடியுமா?
(வாசகி, ஏர்வாடி)

முழுசாக வேண்டாம் அக்கா. ஃபுஷிமி இனாரி 711இல் தொடங்கிய நெல் தெய்வத்தின் கோயில், பிறகு வியாபாரிகளின் சாமியாகவும் ஆனது. வாயில் சாவியையும் நெற்கதிரையும் கவ்விய நரிகள் காவல். 233 மீட்டர் மலையின்மேல் ஆயிரக்கணக்கான தோரணங்கள் நெருக்கி நெருக்கி நிற்கின்றன. ஏறும்போது சிவப்புதான் தெரியும். திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு தூணின் பின்னாலும் கொடுத்தவர் பெயரும் தேதியும். நம் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் தெரியாதபடி 'உபயம்' எழுதுவோமே, அதே குணம்தான், ஆனால் பார்க்க லட்சணமாக இருக்கிறது.

மலையைச் சுற்றி வர இரண்டு மூன்று மணி நேரமாகும், முக்கால்வாசி படி. தோரணங்கள் மிக நெருங்கி நிற்கிற இரட்டைப் பாதை அடிவாரத்திலேயே வந்துவிடும், அதுவரை ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். அங்கே போய்விட்டுத் திரும்பிவிடுங்கள். இன்னும் தெம்பு இருந்தால் பாதி மலையில் நாற்சந்தி ஒன்று வரும், ஊர் முழுக்கத் தெரியும், தேநீர்க் கடை உண்டு. நானும் அதற்குமேல் ஏறவில்லை. இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும், ஆகவே வெயில் தாழப் போங்கள். கையில் ஊன்றுகோல், காலில் பழகிய செருப்பு. புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.